சினம் சென்று சேரும் இடம்

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு” என்பது நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் பழமொழி. தம்பியை அடித்த பிள்ளையைப் பார்த்துத் தாய் சொல்வாள். தெருச் சண்டைக்குப் போய்வந்த மகனைப் பார்த்துத் தந்தை சொல்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும். சினம் எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதை நாம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. புத்தியில் குறைவில்லாத, திறமையில் தம் காலத்தில் நிகரில்லாத, நாலுபேர் முன்னிலையில் வாய் திறக்கக் கூச்சப்பட்ட ஒரு மனிதரின் வாழ்வில் சினம் என்ன செய்தது என்பதை இம்மாதம் வாசக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம். அவர் கனடா நாட்டின் பனித்தள ஹாக்கி வீரர் மொரிஸ் ரிஷார்.

பனித்தளத்தில் ஓர் ஆட்டம்

ஹாக்கி என்றதும் நம் கண்முன் வருவது புல்தரையும் வெள்ளைப் பந்தும். குளிர் மிகுந்த கனடாவிலோ ஹாக்கி என்றால் உறைந்த பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஆட்டமே. 200 அடி நீளமும் ஏறத்தாழ 85 அடி அகலமும் கொண்ட தளம். அதைச் சுற்றிலும் பலகைச் சுவர். ஆட்டக்காரர்கள் எஃகுத் தகடு பொருத்திய காலணி அணிந்து சறுக்கி விரைவர். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு; அதன் விட்டம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம். ஒரு பக்கத்தில் ஒரே நேரத்தில் ஆடுவோர் 6 பேர். கோல் காப்பவர் ஒருவர், தற்காப்பில் இருவர், முன்னணியில் மூவர். அம்மூவருள் ஒருவர் நடுவிலும், மற்ற இருவர் இடவோரத்திலும் வலவோரத்திலும் நிற்பர். 20 நிமிடப் பகுதிகள் மூன்று சேர்ந்தது ஓர் ஆட்டம்.

ஓரத்தில் ஆடுபவரின் பாடு எளிதன்று. அவர் பலகைச் சுவரை ஒட்டியே மேலும் கீழும் ஓடவேண்டும். மூலையில் சிக்கிய வட்டை மீட்க எதிரியோடு தோள் மோதவேண்டும். அம்மோதல் விதிக்கு உட்பட்டதே. சுவருக்கும் எதிரிக்கும் இடையே நசுங்குவது அவருக்கு அன்றாட நிகழ்ச்சி. மட்டையால் இடறுவோரும், சட்டையைப் பற்றி இழுப்போரும், காதருகே வசை சொல்வோரும் உண்டு. ஓர ஆட்டக்காரரின் கையில் திறமை இருந்தால் மட்டும் போதாது. நெஞ்சில் நெருப்பும் வேண்டும். அந்நெருப்பே அவருக்கு வலிமை. அதுவே அவருக்கு ஆபத்தும் ஆகும்.

எளிய குடும்பத்துப் பிள்ளை

மொரிஸ் ரிஷார் 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் கியூபெக் மாநிலத்தின் மாண்ட்ரியல் நகரில், பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர் அவரே. தந்தை ரயில்வே நிறுவனத்தில் தச்சுத் தொழிலாளி. 1930-இல் பெருமந்தக் காலத்து வேலையின்மை அவ்வீட்டையும் தாக்கியது, தந்தை வேலையிழந்தார், சில ஆண்டுகள் அரசு உதவியில் குடும்பம் நடந்தது. மூத்த மகன் பதினாறு வயதளவில் பள்ளியை விட்டுத் தந்தையோடு பட்டறைக்குச் சென்றார். மாலைவேளைகளில் ஹாக்கி. ஒரே பருவத்தில் பல குழுக்களுக்காக ஆடினார். சில வேளை வேறொரு பெயரிலும் ஆடினார் என்பர்.

முதிர்ந்த ஆட்டக்காரராகும் தறுவாயில் எலும்புகள் அவரைக் கைவிட்டன. 1940-இல் கணுக்கால் முறிந்தது. அடுத்த பருவத்தில் மணிக்கட்டு முறிந்தது. இரண்டாம் உலகப் போரில் படையில் சேர முன்வந்தபோது, அம்முறிவுகளைக் காட்டியே அவரைத் திருப்பி அனுப்பினர். 1942-இல் லூசில் நோர்ஷே என்னும் இளம்பெண்ணை மணந்தார். அதே ஆண்டு மாண்ட்ரியல் கனடியன்ஸ் குழுவில் இடம் கிடைத்தது. பதினாறு ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் டிசம்பரில் வலக்கால் முறிந்தது. எளிதில் உடையும் உடம்பு இது, தேறாது என்று பலர் முடிவு கட்டினர்.

அடுத்த ஆண்டு அவருக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. எடை ஒன்பது பவுண்டு. தம் சட்டையின் எண்ணை 15-இலிருந்து 9-ஆக மாற்றித் தருமாறு அவர் கேட்டுக்கொண்டார். பின்னாளில் கியூபெக்கின் சிற்றூர்ச் சிறுவரெல்லாம் தம் முதுகில் தாங்கிய 9 என்னும் எண், ஒரு தகப்பனின் மகிழ்ச்சியில் பிறந்தது. ரோஷ் காரியே என்னும் எழுத்தாளர் 1979-இல் வெளியிட்ட ‘ஹாக்கிச் சட்டை’ என்னும் சிறுகதை அச்சிறுவர்களைப் பற்றியதே. கோபத்தில் மட்டையை உடைத்த சிறுவனை, அங்கே நடுவராக நின்ற இளங்குரு மன்னிப்புக் கேட்குமாறு கோவிலுக்கு அனுப்புவதாக அதில் ஒரு காட்சி வருகிறது. குருமார் பலரும் அதைப் படித்துப் புன்னகை பூத்திருப்பர் என்பது நம் எண்ணம்.

ஐம்பது ஆட்டங்களில் ஐம்பது கோல்கள்

பயிற்சியாளர் டிக் இர்வின் ஓர் ஏற்பாடு செய்தார். ரிஷார் மட்டையை இடப்பக்கமாகப் பிடிப்பவர். அத்தகையோரை இடவோரத்தில் நிறுத்துவதே வழக்கம். இர்வினோ அவரை வலவோரத்தில் நிறுத்தினார். அங்கிருந்து உள்நோக்கிப் பாயும்போது மட்டை கோலின் நடுவை நோக்கி இருக்கும். அடிக்கும் கோணம் விரியும். நடுவில் எல்மர் லாக், இடவோரத்தில் டோ பிளேக், வலவோரத்தில் ரிஷார் என்று அமைந்த மூவர் வரிசை 1943 முதல் எதிரிகளுக்குக் கலக்கம் தந்தது. நீலக்கோட்டைத் தாண்டி அவர் பாயும் வேகத்தைக் கண்டு ‘ராக்கெட்’ என்று பெயரிட்டனர்.

1944 டிசம்பர் 28-ஆம் நாள் அவர் பகலெல்லாம் வீடு மாறி, தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்து களைத்து வந்தார். அன்றிரவு டெட்ராய்ட் குழுவுக்கு எதிராக 5 கோல்கள் அடித்து, வேறு 3 கோல்களுக்குத் துணைநின்றார். அப்பருவம் 50 ஆட்டங்களைக் கொண்டது. 1945 மார்ச்சு 18-ஆம் நாள், கடைசி ஆட்டத்தில், தம் 50-ஆவது கோலை அடித்தார். அதற்குமுன் எவரும் ஒரு பருவத்தில் 50 கோல்களை எட்டியதில்லை. ஐம்பது ஆட்டங்களில் ஐம்பது என்னும் அச்சாதனையை அடுத்தவர் எட்டியது 1981-இல்தான். அவர் மைக் பாஸி. அவரும் ஒரு வலவோர ஆட்டக்காரரே.

1952 ஏப்ரல் 8-ஆம் நாள் பாஸ்டன் குழுவோடு நடந்த அரையிறுதியின் ஏழாம் ஆட்டத்தில் மோதுண்டு நினைவிழந்தார். தலையில் தையல் போட்ட பின் மூன்றாம் பகுதியில் திரும்பிவந்து, தெளியாத கண்களோடு வெற்றிக் கோலை அடித்தார். அதே ஆண்டு நவம்பரில் 325-ஆவது கோல் அடித்து, லீக்கில் அதுவரை இருந்த உச்ச எண்ணிக்கையைக் கடந்தார்.

வசையும் தண்டமும்

இவரைத் தடுக்க எதிரிகள் கண்டறிந்த வழி ஒன்று உண்டு. இழுத்தும் இடறியும், பிரெஞ்சுக்காரர் என்று இழித்துப் பேசியும் அவரைச் சினமூட்டினால், அவர் திருப்பி அடிப்பார். நடுவர் அவரை வெளியே அனுப்புவார். திருப்பி அடித்த கையே பெரும்பாலும் கண்ணில் படும். முதலில் இடறிய மட்டை கண்ணில் படாது. நம் வீட்டுப் பிள்ளைகளின் வழக்குகளைத் தீர்த்துவைத்த பெற்றோர் எவரும் இதை அறிவர்.

இதற்குப் பின்னால் ஒரு சமுதாயக் குறையும் இருந்தது. கியூபெக் மக்களில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு மொழியினர். ஆயினும் அக்காலத்து மாண்ட்ரியலில் பெருவணிகமும் பெரும்பதவியும் ஆங்கில மொழியினர் கையில் இருந்தன. தேசிய ஹாக்கி லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் ஆங்கில மொழியினர், சட்டம் பயின்றவர், முன்னாள் நடுவர். பிரெஞ்சு ஆட்டக்காரர்களை அவர் கூடுதலாகத் தண்டிக்கிறார் என்பது மக்களின் முறையீடு. ரிஷார் பெயரில் ஒரு பத்திரிகையில் பத்தி வெளிவந்துகொண்டிருந்தது. 1954-இல் அதில் காம்பெலைச் சர்வாதிகாரி என்று எழுதியதற்காக அவர் மன்னிப்புக் கேட்டு, 1,000 டாலர் பிணைத்தொகை கட்டி, பத்தி எழுதுவதையும் நிறுத்தவேண்டியதாயிற்று.

இக்குறை முற்றிலும் கற்பனை என்று நாம் சொல்லமாட்டோம். இழிசொல் உண்மை, இழுத்த கைகளும் உண்மை. ஆனால் குறை நியாயமானது என்பதால் அக்குறையிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு செயலும் நியாயமாகிவிடுமா? அடுத்த ஆண்டு நடந்தது அதற்கு விடை தருகிறது.

1955 மார்ச்சு

1955 மார்ச்சு 13-ஆம் நாள், ஞாயிறு. பாஸ்டன் நகரில் ஆட்டம். ஹால் லேகோ என்னும் எதிரியின் மட்டை ரிஷாரின் தலையைக் கிழித்தது. குருதியைக் கண்ட ரிஷார் மட்டையால் அவரைத் தாக்கினார். எல்லைக்கோட்டு நடுவர் ஒருவர் பின்னாலிருந்து அவரைப் பற்றித் தடுத்தார். ரிஷார் திமிறித் திரும்பி, அந்நடுவரின் முகத்தில் இருமுறை குத்தினார். அதே பருவத்தில் டொராண்டோ நகரிலும் ஆட்ட அதிகாரி ஒருவர்மேல் கைவைத்து அவர் அபராதம் செலுத்தியிருந்தார்.

மார்ச்சு 16-ஆம் நாள் காம்பெல் தீர்ப்பளித்தார். பருவத்தில் எஞ்சிய 3 ஆட்டங்களிலும், அதன்பின் வரும் ஸ்டான்லி கோப்பை ஆட்டங்கள் அனைத்திலும் ரிஷார் ஆடக்கூடாது. அவ்வாண்டு லீக்கில் அதிகப் புள்ளிகள் பெற்று முதலிடத்தில் நின்றவர் அவரே. நகரம் கொதித்தது.

மறுநாள் மாலை மாண்ட்ரியலின் ‘போரம்’ அரங்கில் டெட்ராய்டுக்கு எதிராக ஆட்டம். வரவேண்டாம் என்ற எச்சரிக்கையையும் மீறிக் காம்பெல் வந்து அமர்ந்தார். முட்டையும் தக்காளியும் அவர்மேல் பறந்தன. முதற்பகுதி முடிந்ததும் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று வெடித்தது. அரங்கு காலிசெய்யப்பட்டது, ஆட்டம் டெட்ராய்டுக்கு வெற்றியாக அறிவிக்கப்பட்டது. வெளியேறிய கூட்டமும் வெளியே காத்திருந்த கூட்டமும் சேர்ந்து சான் கத்தரின் தெருவில் இறங்கின. கடைக் கண்ணாடிகள் நொறுங்கின, பொருள்கள் சூறையாடப்பட்டன. சேதம் ஒரு லட்சம் டாலர் என்று மதிப்பிட்டனர். ரிஷார் அன்று அரங்கில் பார்வையாளராக அமர்ந்து இவற்றின் தொடக்கத்தைக் கண்ணால் கண்டார்.

இன்னும் ஒன்று நடந்தது. ரிஷார் ஆடாத அந்நாள்களில், அதே குழுவின் மற்றொரு வலவோர ஆட்டக்காரரான பெர்னார் ஜெப்ரியோன் புள்ளிகளில் அவரை முந்தினார். கணக்கு 75-க்கு 74. ஜெப்ரியோனும் மாண்ட்ரியல் மண்ணின் பிரெஞ்சுப் பிள்ளையே. ஆயினும் சொந்த ஊர் மக்களே அவரைக் கூச்சலிட்டு இகழ்ந்தனர். தம் குழுவுக்காகக் கோல் அடித்ததே அவர் செய்த குற்றம்.

வாசக அன்பர்களே, இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பாருங்கள். தலையைக் கிழித்தவர் லேகோ. முகத்தில் குத்துண்டவர் நடுவர். தீர்ப்பளித்தவர் காம்பெல், கண்ணாடி உடைந்தது கடைக்காரருக்கு. தடை விதித்தது லீக். வசை வாங்கியது உடன் ஆடும் தோழர். சினம் தான் பிறந்த இடத்துக்கு அரிதாகவே திரும்பிப் போகிறது. வழியில் யார் அருகில் நிற்கிறாரோ அவர்மேல் பாய்ந்து தீர்கிறது. பெரும்பாலும் அவர் நம்மைத் தடுக்க முயன்றவராகவும், நமக்குத் தீங்கு நினையாதவராகவும் இருக்கிறார். மேலதிகாரியிடம் வசைபட்டவர் வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளுகிறார். கடன்காரனிடம் தலைகுனிந்தவர் பிள்ளையை அடிக்கிறார். காரணம் நியாயமாக இருக்கலாம். அடி விழுந்த இடமோ நியாயமன்று.

வானொலியில் ஒரு குரல்

மார்ச்சு 18-ஆம் நாள் நகரம் மறுபடி என்ன செய்யுமோ என்று அனைவரும் அஞ்சினர். அன்று ரிஷார் வானொலி ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தார். கூட்டத்தில் பேச நா எழாத மனிதர். கையில் எழுதிய தாள். மேலும் கலகம் வேண்டாம் என்று மக்களை வேண்டினார். தாம் தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும், அடுத்த ஆண்டு திரும்பிவந்து, குழுவின் இளைஞர்களோடு சேர்ந்து கோப்பையை வெல்ல உதவுவதாகவும் கூறினார். நகரம் அடங்கியது.

அவர் அத்தீர்ப்பை நியாயமென்று கருதவில்லை. கடுமையானது என்றே நெடுநாள் எண்ணினார். காம்பெல்மீது அவருக்கிருந்த கசப்பும் அன்றே கரைந்துவிடவில்லை. இதை மறைத்து, ஒரே நாளில் அவர் சாந்த சொரூபியாகிவிட்டார் என்று நாம் கதைகட்டலாகாது. நெஞ்சில் கசப்பு இருக்கும்போதே, தம் பெயரால் பிறர் செய்யும் கேட்டைத் தடுத்து நிறுத்தினார் என்பதே அச்செயலின் அருமை. காவல்துறையின் தடியும் புகைக்குண்டும் சாதிக்காததை, பாதிக்கப்பட்டவர் என்று மக்கள் கருதிய ஒருவரின் சில வாக்கியங்கள் சாதித்தன. குடும்பச் சண்டையிலும் ஊர்ச் சண்டையிலும் இவ்வாறே. “எனக்காக இதைச் செய்யாதீர்கள்” என்று சொல்லும் உரிமை காயம்பட்டவருக்கே உண்டு. அவர் வாய் திறவாமல் இருந்தால், அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வோர் எப்போதும் உளர்.

அவ்வாண்டு இறுதி ஆட்டத்தொடரில் மாண்ட்ரியல் தோற்றது. புள்ளிப் பட்டியலில் முதலிடம் என்னும் விருதும் ரிஷாருக்கு அவர் வாழ்நாளில் கிட்டவேயில்லை. 1955 கோடையில் பழைய தோழர் டோ பிளேக் பயிற்சியாளராக வந்தார். ஏறத்தாழ பதினைந்து வயது இளைய தம்பி ஆன்ரி ரிஷாரும் அவ்வாண்டே குழுவில் சேர்ந்தார். 1956 முதல் 1960 வரை ஸ்டான்லி கோப்பை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து மாண்ட்ரியலுக்கே வந்தது. கடைசி நான்கிலும் குழுத் தலைவர் மொரிஸ். 1957 அக்டோபர் 19-ஆம் நாள் தம் 500-ஆவது கோலை அடித்தார். லீக்கில் அவ்வெண்ணிக்கையை எட்டிய முதல்வர் அவரே. அடுத்த மாதமே குதிகால் நரம்பு அறுந்தது. அதிலிருந்தும் மீண்டுவந்தார்.

ஓய்வுக்குப் பின்

1960 செப்டம்பர் 15-ஆம் நாள் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். 18 பருவங்கள், 978 ஆட்டங்கள், 544 கோல்கள், 8 கோப்பைகள். புகழ்மண்டபத்தில் சேர்வதற்குரிய காத்திருப்புக் காலத்தைத் தள்ளிவிட்டு 1961-இலேயே அவரைச் சேர்த்தனர். குழு அவருக்குக் கொடுத்த பதவி பெயரளவினது என்று கண்டு சில ஆண்டுகளில் விலகினார். மீன்பிடி நரம்பு வணிகத்தை வீட்டிலிருந்தே நடத்தி, ஏழு பிள்ளைகளை வளர்த்தார். 1972-இல் கியூபெக் நகரத்துப் புதிய குழு ஒன்றுக்குப் பயிற்சியாளரானார். இரண்டே ஆட்டங்களில், இது தமக்கு ஒத்துவராது என்று விலகிக்கொண்டார். தம்மால் இயலாததை இயலாது என்று ஒப்புக்கொள்வதும் ஒரு பக்குவமே.

1996 மார்ச்சு 11-ஆம் நாள் பழைய போரம் அரங்கில் கடைசி ஆட்டம் நடந்தது. ரிஷாரின் பெயரை அழைத்தபோது மக்கள் எழுந்துநின்று எழுப்பிய கரவொலி பல நிமிடங்கள் ஓயவில்லை. முதிர்ந்த அம்மனிதர் செய்வதறியாது கண்கலங்கி நின்றார். 2000-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். அவருடல் வைக்கப்பட்ட அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். மாண்ட்ரியல் நோத்ர்-தாம் பேராலயத்தில் அரசு மரியாதையுடன் அடக்கத் திருப்பலி நிறைவேறியது. லீக்கில் ஒவ்வொரு பருவமும் அதிகக் கோல் அடிப்பவருக்கு 1999 முதல் வழங்கப்பெறும் கோப்பை அவர் பெயரைத் தாங்கியது.

இவற்றுள் எதைக் காட்டிலும் நம் மனத்தில் தங்குவது ஒரு சிறு செய்தி. ஓய்வுபெற்ற பழைய ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகச் சென்று ஆடிய வேடிக்கை ஆட்டங்களில் ரிஷார் பல ஆண்டுகள் பங்குகொண்டார். அங்கே அவர் ஏற்ற பணி நடுவர் பணி. ஒருகாலத்தில் நடுவரைக் குத்திய கையில் இப்போது நடுவரின் ஊதுகுழல். இருவர் முட்டிக்கொண்டால் இடையே சறுக்கிச் சென்று விலக்கிவிட வேண்டியவர் அவர்.

நம் பிள்ளைகளுள் நெருப்பான பிள்ளை ஒன்று இருக்கலாம். அந்நெருப்பை அணைத்துவிட முயலவேண்டாம். ரிஷாரிடம் அது அணைந்திருந்தால் அந்த 544 கோல்களும் இரா. அப்பிள்ளையின் குறையைக் காதுகொடுத்துக் கேளுங்கள். இழைக்கப்பட்ட அநீதியை அநீதி என்றே ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பின் ஒன்றைமட்டும் கற்றுக்கொடுங்கள். கை ஓங்கிய வேளையில், எதிரே நிற்பவரின் முகத்தை ஒருகணம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்குத் தீங்கு செய்தவர் அவர்தாமா, அல்லது நம்மைத் தடுக்க வந்தவரா? இக்கேள்வி பிள்ளைகளுக்கு மட்டுமன்று, பெற்றோராகிய உங்களுக்கும், அறிவுரை சொல்லும் நமக்கும் உரியது.